பட்டாளத்துக்காரர், 108 ஊழியர், தீயணைப்பு வீரர்: மனக்காயச் சிகிச்சையை எந்த வரிசையில் தொடங்குவது

இதை இரண்டு பேருக்காக எழுதுகிறேன். ஒருவர், பட்டாளத்திலோ 108-லோ தீயணைப்பிலோ காவல்துறையிலோ வேலை பார்த்தபோது கண்ட ஏதோ ஒன்று இன்னும் தூங்கவிடாமல் துரத்துகிறவர். மற்றவர், அவரை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போகிற மனைவி, மகன், அல்லது நண்பர்.

நான் ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டெண்டாக இருந்தவன். எனக்கே இந்தச் சிகிச்சை தேவைப்பட்டது. முதல் முறை பாதியில் விட்டேன், இரண்டாம் முறை முடித்தேன். அதற்குப் பிறகு வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்து முன்னாள் படைவீரர்கள் பலருக்குத் துணையாகப் போயிருக்கிறேன். 108 தம்பிகள் சிலரும் வந்தார்கள். சிகிச்சை சரியில்லாமல் நின்றுபோனவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. குடியை மறைத்தவர், முதல் நாளே முழுக்கதையையும் கொட்டிவிட்டு மறுவாரம் வராதவர், தூக்க மாத்திரையோடு நின்றுவிட்டவர், நாலாவது அமர்வில் கெட்ட கனவு கூடியதும் ஓடிவந்தவர் என்று, வரிசை தப்பியதால் நின்றவர்களே அதிகம். அதனால் வரிசையைத்தான் சொல்லப்போகிறேன்.

1. முதலில் உயிருக்கு ஆபத்து இருக்கிறதா என்று கேளுங்கள்

வேறு எதைச் செய்வதற்கும் முன்னால் இதைக் கேட்க வேண்டும். சுற்றிவளைக்காமல் நேராகவே கேளுங்கள்: "செத்துப்போயிடலாம்னு நினைப்பு வருதா? எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று வீட்டார் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர்கள்தான் அதிகம்.

ஆம் என்றால், கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஓய்வுக்குப் பிறகு வங்கிக் காவலராகப் போனவர்கள் வீட்டில் லைசென்ஸ் துப்பாக்கி இருக்கும். அதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கலாம். விவசாயக் குடும்பம் என்றால் பூச்சிமருந்து டப்பா வீட்டில் இருக்கவே கூடாது. பக்கத்து வீட்டுக்குப் போகட்டும். மிச்சமிருக்கும் மாத்திரைப் பட்டைகளை மனைவி தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். அந்த எண்ணம் அலையாக வந்து போகிற ஒன்று. அலை உச்சத்தில் இருக்கும் சில நிமிடங்களில் கையில் ஒன்றும் அகப்படாமல் இருந்தாலே பல உயிர் பிழைக்கும்.

ஆள் தனியாக இருக்கக் கூடாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். ஏற்கெனவே எதையாவது செய்துகொண்டுவிட்டார் என்றால் 108-ஐ அழைத்து நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று தாமதிக்க வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு சொல்கிறது.

2. சம்பவம் நடந்து ஒரு மாதம் ஆகிவிட்டதா?

இந்தக் கேள்வியைப் பலரும் தவறவிடுகிறார்கள். ஒரு பெரிய விபத்தை, தீயை, குழந்தைச் சாவைப் பார்த்துவிட்டு வந்தவர் முதல் சில வாரம் தூங்காமல் இருப்பதும், திடுக்கிடுவதும், அழுவதும் நோயல்ல. பாதிப் பேருக்கு மேல் தானாகவே தணிந்துவிடும். ஒரு மாதம் தாண்டியும் குறையாமல், வேலையையோ குடும்பத்தையோ குலைத்தால்தான் பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய்) என்று மருத்துவர் பெயர் வைப்பார்.

அந்த முதல் மாதத்தில் என்ன செய்யலாம்? சாப்பாடு, தூக்கம், பழகிய ஆட்களின் துணை, முடிந்தால் இரண்டு நாள் இரவு ஷிஃப்ட் இல்லாமல் இருப்பது. இவை போதும். எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து "என்ன பார்த்தாய், என்ன உணர்ந்தாய், எல்லாவற்றையும் சொல்" என்று கட்டாயப்படுத்துவதை உலக சுகாதார நிறுவனமே வேண்டாம் என்கிறது. நிலைய அதிகாரிகள் நல்ல மனதோடுதான் இதைச் செய்கிறார்கள், ஆனால் சிலருக்குக் காயம் ஆழமாகிவிடுகிறது. பேச விரும்புகிறவர் பேசட்டும். மற்றவருக்கு ஒரு டீ வாங்கிக்கொடுத்து, வீட்டில் கொண்டுபோய் விடுங்கள்.

3. இது பி.டி.எஸ்.டி.தானா என்று உறுதிசெய்யுங்கள்

அறிகுறிகள் நான்கு கூட்டமாக வரும். சம்பவம் கனவாகவும் காட்சியாகவும் திரும்பத் திரும்ப வருவது. அதை நினைவூட்டும் இடம், ஆள், வாசனை எல்லாவற்றையும் தவிர்ப்பது. "எல்லாம் என் தப்பு", "யாரையும் நம்ப முடியாது" என்று மனம் இறுகி, மகள் கல்யாணத்தில்கூடச் சந்தோஷம் வராமல் போவது. உடம்பு எந்நேரமும் காவலில் நிற்பது: குக்கர் விசிலுக்குத் துள்ளுவது, ஓட்டலில் சுவரோரம் வாசலைப் பார்த்தே உட்காருவது, சின்ன விஷயத்துக்குக் கத்துவது.

இவற்றில் இரண்டாவது கூட்டத்தை, அதாவது தவிர்ப்பதை, வீட்டார் நோயென்றே கண்டுகொள்வதில்லை. 108-இல் டெக்னீஷியனாக இருந்த ஒரு தம்பி மூன்று வருடம் கறி சாப்பிடவில்லை. வீட்டில் விரதம் என்று நினைத்துப் பெருமைப்பட்டார்கள். தீப்பிடித்த வேனிலிருந்து ஆட்களை இறக்கிய நாளிலிருந்துதான் அவர் கறியை விட்டார் என்பதை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மருத்துவமனையில் பி.சி.எல்.-5 என்ற 20 கேள்வித் தாள் கொடுப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 80. 31-33 அளவைத் தாண்டினால் விரிவாகப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். அது ஒரு சல்லடை மாதிரிதான், தீர்ப்பு அல்ல. முதல் நாள் மதிப்பெண்ணை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பின்னால் முன்னேற்றத்தை அளக்க அது ஒன்றுதான் கோல்.

கூடவே நான்கு விஷயங்களைக் கேட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள்: தலையில் அடிபட்டதுண்டா, குண்டு வெடித்த இடத்துக்கு அருகில் இருந்ததுண்டா, தைராய்டு கோளாறு உண்டா, பலத்த குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருகிறதா. இவை நான்கும் எரிச்சலையும் மறதியையும் தூக்கக்கேட்டையும் தரும். இவற்றை விட்டுவிட்டு மனதை மட்டும் பார்த்தால் பாதிப் பலன்தான் கிடைக்கும்.

4. குடியை முதலில் மேசைமேல் வையுங்கள்

இதைச் சொல்ல யாருக்கும் பிடிக்காது. ஆனால் நான் கூட்டிப்போனவர்களில் பெரும்பாலோர் ராணுவக் கேன்டீன் சரக்கைத்தான் தூக்க மருந்தாக வைத்திருந்தார்கள். இரண்டு பெக் போட்டால் தூக்கம் வரும், கனவு வராது. விடியற்காலை மூன்று மணிக்குப் போதை இறங்கியதும் கனவு இரட்டிப்பாக வரும். அடுத்த நாள் மூன்று பெக்.

இங்கே இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒன்று, டாக்டரிடம் "எப்பவாவது" என்று சொல்வது. அவர் அதை நம்பி மாத்திரை எழுதுவார்; மாத்திரையும் சாராயமும் சேர்ந்தால் மூச்சே தடைப்படலாம். ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனை வருடமாக, காலையில் கை நடுங்குகிறதா என்பதைக் கணக்காகச் சொல்லுங்கள்.

இரண்டாவது தவறு இன்னும் மோசம். வீட்டார் சாமிமேல் சத்தியம் வாங்கி ஒரே நாளில் நிறுத்தவைப்பார்கள். பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் ஆள் தெரியாமல் பிதற்றலாம், உயிரும் போகலாம். ஆகவே குடியை மருத்துவர் மேற்பார்வையில், தேவைப்பட்டால் ஒரு வாரம் படுக்கையில் சேர்த்துத்தான் நிறுத்த வேண்டும். பி1 வைட்டமின் கொடுக்கச் சொல்லி நீங்களே நினைவுபடுத்தினாலும் தப்பில்லை.

ஆனால் "ஒரு வருடம் குடிக்காமல் இருந்துவிட்டு வா, அப்புறம் பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். குடிப்பதே அந்தக் காட்சியை அழுத்தி வைக்கத்தான். இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம்.

5. ஃபைல் தயார்செய்யுங்கள்

ஓய்வூதியம் பெறும் முன்னாள் படைவீரர் என்றால் ஈ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) அட்டை, டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை) நகல் மூன்றும் ஒரே ஃபைலில் இருக்கட்டும். ஈ.சி.எச்.எஸ். வழியில் முதலில் பாலிகிளினிக், அங்கே ரெஃபரல் சீட்டு, பிறகுதான் பட்டியலில் உள்ள மருத்துவமனை. சீட்டில் "மனநலப் பிரிவு" என்று தெளிவாக இருக்கிறதா, எந்தத் தேதி வரை செல்லும் என்பதைக் கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன்பே பாருங்கள். மருத்துவமனை மேசையில் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: மாத்திரைக்கும் மருத்துவர் பார்ப்பதற்கும் அனுமதி இருக்கிறது, பேச்சுச் சிகிச்சை அமர்வுகளுக்கு எத்தனை முறை வரை உண்டு? இதைக் கேட்காமல் தொடங்கிய ஒருவர் ஆறாவது அமர்வில் கைக்காசு கட்ட முடியாமல் நின்றார். நடுவில் நிற்பதற்கு அதுதான் மிக மோசமான இடம்.

அட்டை இல்லாதவர்கள், 108 ஊழியர்கள், ஒப்பந்தப் பணியாளர்கள் எல்லோருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் புறநோயாளிப் பிரிவு திறந்தே இருக்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம், வேலூரில் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையம், சிக்கலான கேஸ் என்றால் பெங்களூரு நிம்ஹான்ஸ். எங்கே போவது என்றே தெரியவில்லை என்றால் 14416-இல் கேட்டால் வழி சொல்வார்கள். உதவித்தொகை, காகித வேலைக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம்.

இன்னும் பணியில் இருக்கிற ஜவான்களின் பயம் வேறு. மெடிக்கல் போர்டில் உடல்தகுதியைக் குறிக்கும் ஷேப் (SHAPE) என்ற ஐந்தெழுத்தில் முதல் எழுத்தான எஸ், மனநிலையைக் குறிப்பது. அதில் கைவைத்தால் எல்.எம்.சி. (குறைந்த மருத்துவத் தகுதி) ஆகிவிடுவோம், பிரமோஷன் போய்விடும் என்ற பயம். ராணுவ மருத்துவமனையில் பார்த்தால் அது ஆவணத்தில் ஏறும். அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் ஒருவரோடு பேசிப் பார்க்க மட்டும் வேண்டும் என்றால், புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் படையினருக்கும் குடும்பத்தாருக்கும் என்றே டெலி மானஸ் பிரிவு 2023 டிசம்பர் 1 முதல் இயங்குகிறது. வெளியில் எடுக்கும் சிகிச்சை பற்றிய தகவலை உங்கள் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது என்று 2017 சட்டத்தின் 23-ஆம் பிரிவு சொல்கிறது. உயிராபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு.

டிசெபிலிட்டி பென்ஷன் கேட்க நினைப்பவர்கள் சிகிச்சைச் சீட்டுகளைத் தேதிவாரியாகச் சேர்த்து வையுங்கள். ஆனால் வழக்கை முன்னிட்டுச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

6. யாரிடம் போவது

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலம் படித்தவர், மாத்திரை எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மாத்திரை எழுத மாட்டார். பேச்சுச் சிகிச்சை அவர் வேலை. அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். "கவுன்சிலர்" என்ற பலகை மட்டும் போதாது. பெரும்பாலும் இருவருமே தேவைப்படுவார்கள்.

சைக்காலஜிஸ்டிடம் முதல் நாளே நான்கு கேள்வி கேட்பேன். மனக்காயத்துக்கென்று எந்த முறையில் பயிற்சி எடுத்திருக்கிறீர்கள்? எத்தனை அமர்வு ஆகும்? அமர்வுக்கு நடுவில் வீட்டில் என்ன வேலை தருவீர்கள்? முன்னேற்றத்தை எதை வைத்து அளப்பீர்கள்? நல்லவர்கள் இதற்குக் கோபப்படுவதில்லை. நிதானமாகப் பதில் சொல்வார்கள்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பம் உண்டு. பொதுவான சிந்தனை-நடத்தைச் சிகிச்சைக்கும் சி.பி.டி. என்றுதான் பெயர்; மனக்காயத்துக்கென்றே உருவான காக்னிட்டிவ் பிராசசிங் சிகிச்சையையும் தமிழில் எழுதினால் சி.பி.டி. தான். போனில் கேட்டால் இரண்டும் ஒன்றாகவே விழும். "பிராசசிங்" என்ற சொல்லைச் சேர்த்துக் கேளுங்கள்.

எந்த மொழியில் பேசுவது என்பதையும் முடிவுசெய்ய வேண்டும். தமிழில்தான் பேச வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பட்டாளத்து நினைவுகள் இந்தியில் வரும். கமாண்ட் இந்தியில், கூடவிருந்தவன் கடைசியாகக் கத்தியது இந்தியில். அந்தச் சொற்களை மொழிபெயர்க்கச் சொல்லாமல் அப்படியே வரவிட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தமிழாக்கிச் சொன்னால் அது வேறு யாருக்கோ நடந்தது போல விலகிப்போய்விடும். என் முதல் சிகிச்சையில் நடந்தது அதுதான்.

மூன்றே நாளில் குணம் என்பவர், பூர்வஜென்மத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்பவர், பேச்சே இல்லாமல் மாதக்கணக்கில் தூக்க மாத்திரை மட்டும் எழுதுபவர், திட்டம் எதுவும் சொல்லாமல் முதல் மணி நேரத்திலேயே "ஒன்றுவிடாமல் சொல்லுங்கள்" என்பவர்: இந்த நான்கு பேரிடமிருந்தும் எழுந்து வந்துவிடலாம்.

7. முதல் இரண்டு, மூன்று அமர்வுகள்: கதையை அடக்கி வையுங்கள்

இவ்வளவு நாள் மூடி வைத்தவருக்குக் காது கிடைத்ததும் எல்லாவற்றையும் கொட்டத் தோன்றும். முதல் நாள் கொட்டினால் அன்று இரவு தாங்காது. தாங்காவிட்டால் அடுத்த வாரம் வர மாட்டார். முதல் அமர்வில் சம்பவத்தைத் தலைப்பு போல ஒரே வரியில் சொன்னால் போதும்: "2001, காஷ்மீர், கான்வாயில் கண்ணிவெடி."

இந்த அமர்வுகளில் இரண்டு கருவிகள் கைக்கு வரும். முதலாவது, அவதி மதிப்பெண்: 0 என்றால் வீட்டுத் திண்ணையில் சாய்ந்திருப்பது போல, 100 என்றால் அந்தச் சம்பவ இடத்திலேயே நிற்பது போல. இப்போது எத்தனை? இந்த எண் இல்லாமல் பின்னால் எதுவும் நடக்காது.

இரண்டாவது, காட்சி இழுக்கும்போது இங்கே திரும்பிவரும் பயிற்சி. கண்ணில் படும் ஐந்து பொருளின் பெயர் சொல், தொடக்கூடிய நான்கு, கேட்கிற மூன்று, வாசனை இரண்டு, சுவை ஒன்று. கூடவே மெதுவாக மூச்சை வெளிவிடுவது. தரை ஓட்டின் குளிர்ச்சி காலில் படுவதைக் கவனிப்பதும் உதவும். இதை நன்றாக இருக்கும்போதே தினமும் பழக வேண்டும். கலவரம் வந்த பிறகு கற்றுக்கொள்ள முடியாது. துப்பாக்கியைக் கழற்றி மாட்டுவதைச் சண்டைக்கு முன்பே பழகுவது போலத்தான்.

8. நடு அமர்வுகள்: மூன்று வழிகள்

ஆய்வுகளில் வலுவாக நிற்கும் முறைகள் மூன்று. அமெரிக்க ராணுவத்தினருக்கும் முன்னாள் படைவீரருக்குமான 2023 வழிகாட்டுநெறியும் இவற்றைத்தான் முதலில் வைக்கிறது, மாத்திரைக்கும் மேலாக. எது உங்கள் ஊரில் கிடைக்கிறதோ, எது உங்களுக்கு ஒத்துவருகிறதோ அதை எடுங்கள்.

*தவிர்த்ததை எதிர்கொள்ளும் முறை.* பி.இ. என்பார்கள். 8 முதல் 15 அமர்வு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் வரை. இரண்டு வேலை. ஒன்று, கண்ணை மூடி அந்தச் சம்பவத்தை நிகழ்காலத்தில் நடப்பதுபோல் திரும்பத் திரும்பச் சொல்லி, அந்த ஒலிப்பதிவை வீட்டில் தினமும் கேட்பது. மற்றொன்று, தவிர்க்கிற இடங்களுக்கு ஏணிப்படியாகப் போவது.

மேலே சொன்ன கான்வாய்க்காரர் இருபது வருடமாகப் பஸ் ஏறவில்லை. எங்கே போனாலும் டூவீலர், மழையானாலும். அவர் ஏணி, ஒவ்வொரு படிக்கும் எதிர்பார்த்த அவதி மதிப்பெண்ணோடு, இப்படி இருந்தது: பஸ் ஸ்டாண்டில் டீக்கடை ஓரம் நிற்பது, 35. நிறுத்தி வைத்த காலி பஸ்ஸில் உட்காருவது, 50. மதியம் இரண்டு ஸ்டாப் போவது, 65. சாயங்காலக் கூட்டத்தில் டிரைவருக்குப் பின் சீட், 90. முதல் முறை காலி பஸ்ஸில் நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது; முன்சீட்டுக் கம்பியை விடவே இல்லை. 50 என்று எழுதியிருந்தது 80-க்குப் போனது. பத்தாவது நிமிடம் "இறங்கிடலாமா சார்" என்றார். இன்னும் கொஞ்சம் என்றேன். முப்பத்தைந்தாவது நிமிடம் எண் 45-க்கு வந்தது. கம்பியை விட்டுவிட்டு, பின்னால் ஏறிய கடலைக்காரரிடம் பொட்டலம் வாங்கினார்.

அந்த இறக்கத்தை உடம்பே பார்ப்பதுதான் மருந்து. உச்சத்தில் இறங்கி ஓடினால் "தப்பித்தேன்" என்று உடம்பு படித்துக்கொள்ளும், பயம் கூடும். ஆகவே எண் பாதியாகும் வரையோ, முக்கால் மணி நேரம் வரையோ அங்கேயே இருக்க வேண்டும். உண்மையிலேயே ஆபத்தான எதையும் ஏணியில் சேர்க்கக் கூடாது.

*எண்ணத்தைப் பிரித்துப் பார்க்கும் முறை.* காக்னிட்டிவ் பிராசசிங். 12 அமர்வு. சம்பவத்தை விவரமாகச் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. அந்தச் சம்பவத்தால் மனதில் எந்த எண்ணம் சிக்கி நிற்கிறது என்று தேடுவார்கள். குற்றவுணர்ச்சியே பெரும் பாரமாக இருப்பவர்களுக்கு இது நன்றாக வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். 108-இல் வண்டி ஓட்டுபவரைப் பைலட் என்பார்கள். ஒரு பைலட்டின் சிக்கல் ஒரே வரி: "ரயில்வே கேட் மூடியிருந்தது, சுத்திப் போயிருந்தா அந்தக் குழந்தை பிழைச்சிருக்கும்." சிகிச்சையாளர் ஆறுதல் சொல்லவில்லை. தாளில் பாதையை வரையச் சொன்னார். கேட் மூடியது தெரிந்தபோது வண்டி எங்கே? சுற்றுப்பாதை எவ்வளவு தூரம்? கேட் எப்போது திறக்கும் என்று அந்த நிமிடம் உங்களுக்குத் தெரியுமா? வரைந்து பார்த்தால் சுற்றுப்பாதை அதிக நேரம் பிடிப்பது. அதை இரண்டு வருடமாக அவர் வரைந்தே பார்க்கவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் அழுதார்.

வீட்டார் "உன் மேல தப்பில்லப்பா" என்று நூறு முறை சொல்லியிருப்பார்கள். ஆனாலும் அது உள்ளே இறங்காது. அவரே தேடிக் கண்டுபிடித்தால்தான் இறங்கும். அதனால்தான் சிகிச்சையாளர் கேள்வி மட்டும் கேட்கிறார். உண்மையிலேயே தவறு நடந்த இடங்களும் உண்டு; சுட்டிருக்கக் கூடாத இடத்தில் சுட்டவர் இருப்பார். அங்கே தப்பில்லை என்று மழுப்பாமல், அதன் பாரத்தைச் சரியான அளவுக்கு எடுத்துக்கொள்ளவும், ஈடாக என்ன செய்ய முடியும் என்று யோசிக்கவும் உதவுபவரே நல்ல சிகிச்சையாளர்.

*கண் அசைவு முறை.* ஈ.எம்.டி.ஆர். நினைவை மனதில் பிடித்தபடியே சிகிச்சையாளரின் விரலையோ விளக்கையோ கண்ணால் இடவலமாகத் தொடர்வது. அதிகம் பேச வேண்டியதில்லை, வீட்டுப்பாடமும் குறைவு. பேச்சே வராதவர்களுக்கு இதைச் சொல்வேன். பயிற்சி பெற்றவரிடம் மட்டும் செய்யுங்கள். வீடியோ பார்த்து வீட்டில் முயல வேண்டாம்.

மூன்றிலும் ஓர் ஆபத்தான வாரம் உண்டு. மூன்றாவது, நான்காவது அமர்வை ஒட்டிக் கனவு கூடும், எரிச்சல் கூடும், "முன்னைவிட மோசமாகிவிட்டேன்" என்று தோன்றும். பெட்டியைத் திறந்ததால் வருவது இது. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரத்தில் இறங்கும். நான் முதல் முறை ஓடியது இந்த வாரத்தில்தான். வராமல் இருப்பதற்குப் பதில், வந்து அதையே சொல்லுங்கள். அவர் வேகத்தைக் குறைப்பார். சாகிற எண்ணம் வந்தால் மட்டும் அடுத்த அமர்வுக்குக் காத்திருக்க வேண்டாம், இங்கே 1 என்று எழுதிய படிக்குத் திரும்புங்கள்.

9. மாத்திரை

செர்ட்ராலின், பராக்ஸெட்டின், வென்லாஃபாக்ஸின் ஆகிய மூன்றுக்கும் பி.டி.எஸ்.டி.யில் நல்ல ஆதாரம் இருக்கிறது. பலன் தெரிய நான்கு முதல் எட்டு வாரம் ஆகும். வயிற்றுப் பிரட்டலும் தலைவலியும் முதல் வாரமே வரும். இந்த இடைவெளியில்தான் "ஒத்துக்கலை" என்று நிறுத்திவிடுகிறார்கள். நன்றாக ஆன பிறகும் திடீரென்று நிறுத்தக் கூடாது. படிப்படியாகத்தான், மருத்துவர் சொல்லித்தான்.

கெட்ட கனவுக்குப் பிரசோசின் தரலாம். அது ரத்த அழுத்த மாத்திரை, "எனக்கு பி.பி.யே இல்லையே" என்று குழம்ப வேண்டாம். முதல் டோஸ் எடுத்த இரவு படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலைசுற்றி விழலாம். உட்கார்ந்து, பொறுத்து, எழுங்கள்.

அல்பிரஸோலம், குளோனஸெபாம் வகை மாத்திரைகளை மாதக்கணக்கில் எடுப்பது பி.டி.எஸ்.டி.க்கு உதவாது, பழக்கமாகிவிடும். பேச்சுச் சிகிச்சையின் பலனையும் அது மழுக்கலாம். ஏற்கெனவே எடுக்கிறவர் தானாக நிறுத்தாமல் மருத்துவரோடு பேசிக் குறைக்க வேண்டும்.

10. வீட்டில் இருப்பவர்களுக்கு

தூக்கத்தில் கத்துகிறவரைத் தோளைப் பிடித்து உலுக்காதீர்கள். அடி விழலாம். அவர் அடிப்பது உங்களை அல்ல, ஆனால் வலிப்பது உங்களுக்கு. விளக்கைப் போட்டு, கதவோரம் நின்று பெயர் சொல்லி, அவர் வீட்டில்தான் இருக்கிறார் என்று சொல்லுங்கள். எழுந்ததும் தண்ணீர் கொடுங்கள். என்ன கனவு என்று அந்நேரம் கேட்க வேண்டாம்.

தீபாவளிக்கு முன்பே உட்கார்ந்து பேசிவிடுங்கள். எந்த நேரத்தில் வெடிப்பார்கள், அப்போது அவர் எங்கே இருப்பார், பேரப்பிள்ளைகளோடு மத்தாப்பு மட்டும் கொளுத்தலாமா. எதிர்பார்த்து வரும் சத்தம் பாதி பயமுறுத்தும். எதிர்பாராமல் வருவது முழுதாகத் தூக்கிப்போடும்.

அவருக்காக எல்லாவற்றையும் தவிர்த்துக் கொடுப்பதும் ஒரு தவறு. "அவருக்குக் கூட்டம் ஆகாது" என்று கல்யாணங்களுக்கு மனைவி தனியாகவே போய்வருவார். அன்புதான், ஆனால் ஏணியின் எதிர்ப்பக்கம் அது. எந்தப் படியில் இருக்கிறார் என்று கேட்டு, அந்தப் படிக்குத் துணை போங்கள். அடி, மிரட்டல் தொடர்ந்தால் நோயைக் காரணமாக வைத்துப் பொறுக்க வேண்டியதில்லை. பிள்ளைகளோடு பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட்டு, பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள்.

11. இன்னும் வேலையில் இருப்பவர்களுக்கு

108, தீயணைப்பு, காவல் ஊழியர்களுக்குச் சிகிச்சை நடக்கும்போதே புதுச் சம்பவங்கள் வந்துகொண்டிருக்கும். அமர்வு உள்ள நாளும் மறுநாளும் இரவு ஷிஃப்ட் இல்லாமல் மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். காரணம் சொல்லப் பிடிக்கவில்லை என்றால் "மருத்துவரிடம் தொடர் சிகிச்சை" என்று மட்டும் எழுதிய சான்று போதும்.

பல சம்பவங்கள் குவிந்திருந்தால் எதிலிருந்து தொடங்குவது? இன்றைக்கு அதிகம் தொந்தரவு செய்கிற ஒன்றிலிருந்து. இரவில் எது வருகிறதோ அது. பெரும்பாலும் அதைத் தீர்த்தால் மற்றவையும் கொஞ்சம் தளரும்.

12. எப்போது முடிந்தது, எப்போது மாற்ற வேண்டும்

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே 20 கேள்வித் தாளை நிரப்புங்கள். 10 புள்ளிக்கு மேல் இறங்கினால் உண்மையான மாற்றம் என்று எடுத்துக்கொள்ளலாம். எட்டு அமர்வு ஒழுங்காகப் போய், வீட்டு வேலையும் செய்து, எண் அசையவே இல்லை என்றால் சிகிச்சையாளரிடம் சொல்லி முறையை மாற்றுங்கள். உங்களுக்குப் பயனில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். ஒன்றில் அசையாதவர் மற்றொன்றில் அசைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கடைசி அமர்வில் ஒரு தாள் எழுதச் சொல்வார்கள். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். அதில் நான்கு விஷயம்: மறுபடியும் வருகிறது என்பதற்கான முதல் அடையாளம் (எனக்கு, இரவில் கதவுத் தாழ்ப்பாளை மூன்று முறை பார்ப்பது), ஆண்டுதோறும் கஷ்டமான தேதிகள், அப்போது செய்ய வேண்டிய பயிற்சி, அழைக்க வேண்டிய மூன்று எண்கள். ஒரு நகல் ஈ.சி.எச்.எஸ். ஃபைலில், ஒரு நகல் மனைவியிடம். அந்தத் தேதிகளுக்கு ஒரு வாரம் முன்பே ஒரு அமர்வுக்கு நேரம் வாங்கி வைத்துவிடுங்கள். தேவைப்படாவிட்டால் ரத்து செய்துகொள்ளலாம்.